உறைக்குள் பதினைந்து நிமிடம்: ஒரு நடுநிலைப்பள்ளியின் மதிப்பெண் இடைவெளி

ஏழாம் வகுப்பு. கல்வியாண்டு தொடங்கிக் கொஞ்ச நாள்தான் ஆகியிருக்கிறது. ஆசிரியர் ஒரு கட்டு உறைகளோடு உள்ளே வருகிறார். ஒவ்வோர் உறையிலும் ஒரு மாணவர் பெயர். பிரித்தால் உள்ளே ஒரு பட்டியல்: நண்பர்கள், குடும்பம், இசை, ஓவியம், விளையாட்டு, மத நம்பிக்கை, நகைச்சுவை உணர்வு என்று. இதில் உனக்கு எது முக்கியம், ஏன் முக்கியம், எப்போது முக்கியமாக இருந்தது என்று எழுதச் சொல்கிறது தாள். எழுத்துப்பிழை பார்க்க மாட்டோம், மனதில் பட்டதை எழுது என்கிறது. கால் மணி நேரம் எழுதிவிட்டு, தாளைத் திரும்ப உறைக்குள் போட்டு ஆசிரியரிடம் கொடுத்தால் முடிந்தது. அப்புறம் வழக்கமான பாடம்.

வகுப்பில் பாதிப் பேருக்கு வந்த தாள் கொஞ்சம் வேறு. பட்டியல் அதேதான். ஆனால் உனக்கு எது முக்கியமே இல்லையோ அதைத் தேர்ந்தெடு, வேறு யாருக்காவது அது ஏன் முக்கியமாக இருக்கலாம் என்று எழுது என்றது. யாருக்கு எந்தத் தாள் என்பதைக் குலுக்கல் தீர்மானித்தது. எந்தப் பிள்ளைக்கு எது போனது என்று ஆசிரியருக்குத் தெரியாது.

அமெரிக்காவின் வடகிழக்கில், ஒரு புறநகர் அரசு நடுநிலைப்பள்ளியில் நடந்தது இது. அங்கே நடுநிலைப்பள்ளி என்றால் நம் ஊர் போல ஒன்று முதல் எட்டு வரை அல்ல. பெரும்பாலும் ஆறு, ஏழு, எட்டு மட்டும். பள்ளியின் பெயரை ஆய்வாளர்கள் வெளியிடவில்லை. மாணவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் கறுப்பினப் பிள்ளைகள், பாதிப் பேர் வெள்ளையினப் பிள்ளைகள். நடுத்தர, கீழ்நடுத்தரக் குடும்பங்கள். ஜெஃப்ரி கோஹன், ஹூலியோ கார்சியா, நான்சி ஆப்ஃபெல், ஆலிசன் மாஸ்டர் ஆகிய நான்கு பேரும் இந்த ஆய்வை 2006இல் 'சயின்ஸ்' இதழில் வெளியிட்டார்கள்.

முடிவு பலரை நிமிர்ந்து உட்கார வைத்தது. தனக்கு முக்கியமானதைப் பற்றி எழுதிய கறுப்பினப் பிள்ளைகளின் கிரேடு, அந்தப் பருவத்தின் கடைசியில், மற்ற தாளை எழுதிய கறுப்பினப் பிள்ளைகளைவிடக் கூடியிருந்தது. முதல் தடவை செய்தபோது 0.26 புள்ளி, அடுத்து வந்த இன்னொரு ஏழாம் வகுப்பில் செய்தபோது 0.34 புள்ளி. ஏ என்றால் 4, பி என்றால் 3 என்று போகும் அளவுகோலில் இது 'பி'யிலிருந்து 'பி பிளஸ்' போவதற்கு ஏறக்குறைய சமம். இரு இனப் பிள்ளைகளுக்கும் நடுவே இருந்த இடைவெளி சுமார் 40 சதவீதம் சுருங்கியது. வெள்ளையினப் பிள்ளைகளுக்கு எந்தத் தாள் வந்தாலும் வித்தியாசம் ஒன்றுமில்லை.

கால் மணி நேரம் எழுதியதற்கு இவ்வளவா? எனக்கும் முதலில் நம்பிக்கை வரவில்லை. இன்றைக்கும் முழுசாக வரவில்லை, அதற்கான காரணங்களுக்குப் பின்னால் வருகிறேன். ஆனால் இந்தப் பள்ளியை நான் எடுத்துக்கொண்டதற்குக் காரணம் அந்த 40 சதவீதம் அல்ல. மாணவர் விவரப் பட்டியலில் 'இனம்' என்றொரு பத்தி இருக்கிறதே, அது மதிப்பெண்ணைத் தொடுவது எந்த வழியாக என்று ஒரே கட்டடத்துக்குள் நின்று பார்த்த அரிய நிகழ்வு இது.

பட்டியல் சொல்வதும் சொல்லாததும்

அமெரிக்கப் பள்ளிகளில் இந்தக் கணக்கு எடுப்பது புதிதல்ல. 1966இல் வெளியான கோல்மன் அறிக்கை நாடு முழுக்க ஆறு லட்சத்துக்கு மேற்பட்ட மாணவர்களின் தகவலைத் திரட்டியது. பள்ளிக்குக் கொட்டும் பணத்தைவிட, பிள்ளை வரும் வீட்டின் நிலைதான் மதிப்பெண்ணோடு நெருக்கமாக ஒட்டிப்போகிறது என்று அது சொன்னது. 2002 தொடக்கத்தில் ஜார்ஜ் புஷ் கையெழுத்திட்ட 'எந்தக் குழந்தையும் பின்தங்கக் கூடாது' சட்டம் இன்னொரு படி போனது. அது நடப்பில் இருந்தவரை, பள்ளியின் மொத்தச் சராசரியைக் காட்டித் தப்பிக்க முடியவில்லை. இனவாரியாக, வருமானவாரியாக, ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாத பிள்ளைகள், மாற்றுத்திறன் பிள்ளைகள் என்று தனித்தனியாகத் தேர்ச்சியைக் காட்ட வேண்டியிருந்தது. ஒரு பிரிவு இலக்கைத் தொடாவிட்டாலும் பள்ளியின் மேல் சிவப்புக் கோடு விழுந்தது. 2015இல் வேறு சட்டம் அதன் இடத்துக்கு வந்தது.

அந்தச் சட்டத்தின் மேல் ஆயிரம் குறை சொல்லலாம், சொல்லியும் இருக்கிறார்கள். ஒரு நல்லது நடந்தது: சராசரிக்குள் ஒளிந்திருந்த பிள்ளைகள் வெளியே தெரிந்தார்கள். 'எங்கள் பள்ளியில் 80 சதவீதம் தேர்ச்சி' என்று பலகை வைத்துவிட்டு, மிச்சம் 20 சதவீதம் யார் வீட்டுப் பிள்ளைகள் என்பதைச் சொல்லாமல் போவது கடினமாயிற்று.

ஆனால் அட்டவணை 'எவ்வளவு' என்று சொல்லும். 'ஏன்' என்று சொல்லாது. கறுப்பினப் பிள்ளைகளின் சராசரி குறைவு என்றால், வருமானமா? அப்பா அம்மா படிப்பா? ஐந்தாம் வகுப்பிலேயே விட்டுப்போன கணக்கா? ஆசிரியரின் எதிர்பார்ப்பா? எல்லாம் ஒன்றோடொன்று பின்னிக்கிடக்கிறது. அட்டவணையை எத்தனை முறை திருப்பிப் போட்டாலும் இந்த நூல்கள் பிரியாது.

குலுக்கலின் பலம் இங்கேதான். உறை ஆய்வில் கறுப்பினப் பிள்ளைகளை வெள்ளையினப் பிள்ளைகளோடு ஒப்பிட்டு முடிவு சொல்லவில்லை. கறுப்பினப் பிள்ளைகளைக் கறுப்பினப் பிள்ளைகளோடுதான் ஒப்பிட்டார்கள். அதே தெரு, அதே மாதிரி வீடு, அதே ஆசிரியர், அதே பாடப்புத்தகம். குலுக்கல் போட்டதால் வருமானம், பழைய மதிப்பெண் எல்லாம் இரண்டு பக்கமும் ஏறக்குறைய சமமாகப் பிரிந்துவிடும். மிஞ்சுகிற ஒரே வித்தியாசம் உறைக்குள் இருந்த தாள். தாள் யாருக்கும் கணக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை, யார் வீட்டு வருமானத்தையும் கூட்டவில்லை. ஆகவே, இடைவெளியின் ஒரு பங்கு வகுப்பறைக்குள்ளேயே, அந்த இருக்கையில் உட்கார்ந்திருக்கும்போதே உண்டாகிறது என்று ஆகிறது.

முத்திரை

உண்டாவது எப்படி என்பதற்கு அவர்கள் கையில் ஏற்கெனவே ஒரு கருத்து இருந்தது. கிளாட் ஸ்டீலும் ஜோஷுவா ஆரன்சனும் 1995இல் ஸ்டான்ஃபோர்டு மாணவர்களுக்கு ஒரு கடினமான மொழித் தேர்வு கொடுத்தார்கள். 'இது உங்கள் அறிவுத்திறனை அளக்கிற தேர்வு' என்று சொன்னபோது கறுப்பின மாணவர்கள் பின்தங்கினார்கள். 'சும்மா ஒரு பயிற்சி' என்று சொன்னபோது, பழைய நுழைவுத்தேர்வு மதிப்பெண்ணையும் கணக்கில் சேர்த்துப் பார்த்தால், அந்த இடைவெளி காணோம். 'உங்கள் ஆட்களுக்குப் படிப்பு வராது' என்ற முத்திரை ஊரில் ஏற்கெனவே இருக்கிறது. நான் இப்போது தப்பு செய்தால் அந்த முத்திரைக்கு நானே சாட்சி ஆகிவிடுவேன். இந்த நினைப்பு தலைக்குள் ஓடும்போது, கேள்வியைப் படிக்க வேண்டிய கவனத்தில் பாதி அங்கே போய்விடுகிறது. இதை முத்திரை அச்சம் என்று சொல்லலாம்.

நம் நாட்டிலும் இதை ஒருமுறை சோதித்திருக்கிறார்கள். கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே இருவரும் உத்தரப்பிரதேசக் கிராமங்களில் ஆறாம், ஏழாம் வகுப்புப் பையன்களுக்கு வழி கண்டுபிடிக்கும் புதிர்த் தாள்கள் கொடுத்தார்கள். ஒவ்வொரு புதிருக்கும் காசு. சாதியைச் சொல்லாதபோது மேல்சாதிப் பையன்களும் தலித் பையன்களும் ஏறக்குறைய ஒரே எண்ணிக்கையில் முடித்தார்கள். எல்லார் முன்னாலும் பெயர், ஊர், அப்பா பெயர், தாத்தா பெயர், சாதி என்று வாசித்த பிறகு, தலித் பையன்களின் எண்ணிக்கை விழுந்தது. புதிரும் அதே புதிர், பையன்களும் அதே மாதிரிப் பையன்கள்.

படித்தபோது எனக்கு என் ஏழாம் வகுப்பு ஞாபகம் வந்தது. உதவித்தொகைப் படிவம் வந்த நாளில் வகுப்பாசிரியர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, 'இந்தப் பேருங்க மட்டும் எந்திரிங்க' என்றார். அவர் கெட்டவர் இல்லை. சீக்கிரம் வேலை முடிய வேண்டும், அவ்வளவுதான். பதினொரு பேர் எழுந்தோம். மிச்சப் பேர் திரும்பிப் பார்த்தார்கள். அடுத்த பாடவேளை கணக்கு. அன்றைக்குக் கரும்பலகையில் என்ன எழுதியிருந்தார்கள் என்று கேட்டால் எனக்கு ஒன்றும் தெரியாது. எழுந்து நின்றது மட்டும் நன்றாக ஞாபகம் இருக்கிறது.

சரி, அமெரிக்கப் பள்ளிக்குத் திரும்புவோம். அங்கே அச்சம் குறைந்ததா என்பதை ஆய்வாளர்கள் மறைமுகமாக அளந்தார்கள். எழுத்து விட்டுப்போன சொற்களைக் கொடுத்து நிரப்பச் சொன்னார்கள். சில சொற்களைச் சாதாரணமாகவும் நிரப்பலாம், இன முத்திரையோடு தொடர்புள்ள சொல்லாகவும் நிரப்பலாம். தனக்கு முக்கியமானதை எழுதிய கறுப்பினப் பிள்ளைகள், முத்திரை சார்ந்த சொற்களைக் குறைவாக நிரப்பினார்கள். அந்த நினைப்பு தலைக்குள் குறைவாக ஓடியது என்பதற்கு இது ஓர் அடையாளம்.

பின்னாளில் இன்னொரு குழு இதே வகைக் கட்டுரைகளின் உள்ளடக்கத்தை எடுத்துப் பார்த்தது. யாருக்கு அதிகப் பலன்? இசையோ விளையாட்டோ எதைத் தேர்ந்தெடுத்தாலும், அதை நண்பர்களோடு, வீட்டாரோடு சேர்த்து எழுதிய பிள்ளைகளுக்கு. அதாவது, 'நான் கெட்டிக்காரன்' என்று எழுதியவர்களைவிட, 'எனக்கு ஆட்கள் இருக்கிறார்கள்' என்று எழுதியவர்களுக்கு. எனக்கு இந்த ஆய்வுத் தொடரிலேயே மிகவும் பிடித்த சின்னக் கண்டுபிடிப்பு இதுதான்.

லாரிச் சக்கரத்துக்குக் கட்டை

2009இல் அதே பள்ளிப் பிள்ளைகளின் இரண்டாண்டுக் கணக்கு வந்தது. உறைகள் ஒரு தடவையோடு நிற்கவில்லை; ஆண்டு முழுக்கச் சில தடவை கொடுக்கப்பட்டன. கறுப்பினப் பிள்ளைகளின் கிரேடு சராசரி இரண்டாண்டில் 0.24 புள்ளி கூடுதலாக இருந்தது. முன்பே பின்தங்கியிருந்த கறுப்பினப் பிள்ளைகளுக்கு 0.41. இப்படிப் பின்தங்கியிருந்தவர்களில், சிறப்புப் பயிற்சி வகுப்புக்கு அனுப்பப்பட்டவர்கள் அல்லது அதே வகுப்பில் மறுபடி உட்கார வைக்கப்பட்டவர்கள், ஒப்பீட்டுக் குழுவில் 18 சதவீதம். எழுதிய குழுவில் 5 சதவீதம்.

என்னைக் கேட்டால், புள்ளிகளைவிட இந்த 18க்கும் 5க்கும் உள்ள வித்தியாசம் கனமானது. அமெரிக்க நடுநிலைப்பள்ளியில் எட்டாம் வகுப்புக்குப் போவதற்குள் பிள்ளைகளை 'இவன் முன்வரிசைக் கணக்குக்கு, இவன் பின்வரிசைக் கணக்குக்கு' என்று பிரித்துவிடுகிறார்கள். ஒருமுறை பின்வரிசைக்குப் போனவன் திரும்பி வருவது அபூர்வம். உயர்நிலைப் பள்ளியில் எந்தக் கணக்கு, கல்லூரிக்கு எந்த வழி எல்லாம் அங்கிருந்தே கோடு கிழிக்கப்படுகிறது.

ஏன் கால் மணி நேரம் இரண்டு வருஷம் நீடிக்கிறது என்பதற்கு ஆய்வாளர்கள் சொன்ன விளக்கத்தை, நம் ஊர் லாரியை வைத்துச் சொன்னால் எளிது. மேட்டில் லாரி நின்றுவிட்டால் கிளீனர் குதித்து ஓடி, பின்சக்கரத்துக்கு அடியில் கட்டை வைப்பார். கட்டை லாரியை மேலே இழுக்காது. பின்னால் உருளாமல் நிறுத்தும். அவ்வளவே அதன் வேலை. முதல் தேர்வில் மார்க் குறைகிறது, 'நமக்கு இது வராது' என்று தோன்றுகிறது, கை தூக்குவது நிற்கிறது, ஆசிரியர் கேட்பதும் நிற்கிறது, அடுத்த தேர்வில் இன்னும் குறைகிறது. இந்தச் சரிவு தொடங்கும் இடத்தில் கட்டை விழுந்தால் போதும். உருள ஆரம்பித்த பிறகு அதே கட்டையைப் போட்டுப் பிரயோசனமில்லை. இதையும் சோதித்திருக்கிறார்கள்: ஆண்டுத் தொடக்கத்திலேயே கொடுத்த உறைக்கு இருந்த பலன், சில வாரம் தள்ளிக் கொடுத்த உறைக்கு இல்லை.

லாரி உவமை இன்னொன்றையும் சொல்லும். மேலே ஏற்றுவது எஞ்சின். பாடம் நடத்தும் ஆசிரியர், எட்டும் தூரத்தில் நூலகம், கேட்டால் திரும்பச் சொல்லும் பொறுமை இவையெல்லாம் எஞ்சின். அது ஓடாத பள்ளியில் கட்டையை எத்தனை வைத்தாலும் வண்டி நின்ற இடத்தில்தான் நிற்கும். தரை சமமாக இருந்தால் கட்டையே வேண்டாம். வெள்ளையினப் பிள்ளைகளுக்கு எந்த வித்தியாசமும் வராததன் பொருள் எனக்கு இப்படித்தான் படுகிறது.

பல ஆண்டு கழித்து, 2017இல், அந்தப் பிள்ளைகள் எங்கே போனார்கள் என்றும் பார்த்தார்கள். எழுதிய குழுவைச் சேர்ந்த கறுப்பினப் பிள்ளைகள் கல்லூரியில் சேர்ந்த விகிதம் ஒப்பீட்டுக் குழுவைவிடக் கூடுதலாக இருந்தது.

மேடிசனில் என்ன ஆனது

ஒரு பள்ளியில் நடந்ததை ஊர் முழுக்கச் செய்தால்? விஸ்கான்சின் மாநிலத் தலைநகர் மேடிசனில் ஜெஃப்ரி போர்மன் தலைமையில் ஒரு குழு அதைச் செய்து பார்த்தது. 11 நடுநிலைப்பள்ளிகள், ஏழாம் வகுப்பு, அதே உறை முறை. 2016இல் வந்த முடிவு: பலன் இருக்கிறது, ஆனால் முதல் பள்ளியில் கண்டதைவிடச் சிறியது.

இதில் பள்ளிகளின் மாணவர் விகிதத்தை வைத்து நடந்த அலசல்தான் சுவாரஸ்யமானது. கறுப்பின, லத்தீன் அமெரிக்கப் பிள்ளைகள் சிறு எண்ணிக்கையில் இருந்து, அவர்களுக்கும் மற்றவர்களுக்கும் மதிப்பெண் இடைவெளி பெரிதாக இருக்கும் பள்ளிகளில் உறை வேலை செய்தது. அவர்கள் கணிசமாக இருந்து, இடைவெளியும் குறைவாக இருந்த பள்ளிகளில் வேலை செய்யவில்லை. நினைத்துப் பார்த்தால் இது பொருந்துகிறது. முப்பது பேர் வகுப்பில் நான் ஒருவனே என் இனத்தவன் என்றால், நான் சொல்லும் தப்பான விடை என் விடையாக மட்டும் நிற்காது. என் ஆட்கள் எல்லாருடைய விடையாகவும் ஆகிவிடும். பத்துப் பேர் இருந்தால் அந்தப் பாரம் பத்தாகப் பிரியும். 'எத்தனை சதவீதம்' என்ற எண்ணுக்கு உள்ளே இப்படி ஓர் அனுபவம் இருக்கிறது என்று காட்டிய வகையில், அந்த அலசல் எனக்கு முக்கியமாகப் பட்டது.

ஆனால் கதை அங்கே நிற்கவில்லை. அடுத்த ஆண்டின் ஏழாம் வகுப்புக்கு, அதே ஊரில், அதே பள்ளிகளில், அதே உறைகளைக் கொடுத்தார்கள். பலன் தெரியவில்லை. 2017இல் அதை அவர்களே வெளியிட்டார்கள். பள்ளிச் சூழல் மாறியதா, பிள்ளைகள் எழுதிய விதம் மாறியதா என்றெல்லாம் தோண்டிப் பார்த்தார்கள். திருப்தியான விடை கிடைக்கவில்லை. முத்திரை அச்சக் கருத்துக்கே அடி விழுந்ததும் உண்டு: நெதர்லாந்தில் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட உயர்நிலைப் பள்ளி மாணவர்களை வைத்து, பெண் பிள்ளைகளும் கணக்கும் பற்றி 2018இல் வெளியான பெரிய ஆய்வு, எதிர்பார்த்த விளைவைக் காணவில்லை.

அப்போது முதல் பள்ளியின் முடிவு பொய்யா? அப்படிச் சொல்லக் காரணமில்லை. குலுக்கல் முறையாக நடந்தது, ஆசிரியருக்கு எந்தத் தாள் என்று தெரியாது, இரண்டு வெவ்வேறு ஆண்டு மாணவர்களிடம் ஒரே திசையில் பலன் வந்தது. ஆனால் இரண்டு தடவையும் சேர்த்துச் சுமார் 240 பிள்ளைகள். பள்ளி ஒன்றே ஒன்று. அந்தப் பள்ளியின் சூழலும், ஓடிக்கொண்டிருந்த எஞ்சினும், சரியான வாரத்தில் போன உறையும் சேர்ந்து கொடுத்த பலனாக இருக்கலாம். அதை எடுத்துக்கொண்டு 'இடைவெளியை 15 நிமிடத்தில் மூடலாம்' என்று கட்டுரைத் தலைப்பு போட்டவர்கள் அவசரப்பட்டார்கள். மேடிசனின் இரண்டாம் ஆண்டைக் காட்டி மொத்தத்தையும் தூக்கி எறிந்தவர்களும் அதே அவசரக்காரர்கள்தான்.

இதைப் பெரிய அளவில் கொண்டுபோவதில் இன்னொரு சிக்கலும் உண்டு, நம் கல்வித் துறை ஆட்களுக்கு உடனே புரியும். இந்த எழுத்து எதற்காக என்று பிள்ளைக்குத் தெரிந்துவிட்டால் பலன் மங்குகிறது என்று ஆய்வுகள் காட்டுகின்றன. 'பின்தங்கிய மாணவரின் தன்னம்பிக்கையை உயர்த்தும் பொருட்டு' என்று ஒரு சுற்றறிக்கை போட்டு, அந்தப் பிள்ளைகளை மட்டும் தனியாக உட்கார வைத்து எழுத வைத்தால் என்ன நடக்கும்? நான் மேலே சொன்ன உதவித்தொகைப் பட்டியல்தான் நடக்கும்.

போர்மன் குழு அப்புறம் வேறு வழியில் போனது. அதே மேடிசன், அதே 11 பள்ளிகள். இந்தத் தடவை ஏழாம் வகுப்பை விட்டுவிட்டு, தொடக்கப்பள்ளியிலிருந்து புதிதாக வந்து சேரும் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள், 1,304 பேர். மூத்த மாணவர்கள் சொன்னவற்றைத் தாளில் கொடுத்தார்கள்: வந்த புதிதில் எங்களுக்கும் பயமாக இருந்தது, யாரோடு சாப்பிட உட்காருவது என்று தெரியாது, பாடம் கஷ்டமாக இருந்தது, கொஞ்ச நாளில் பழகிவிட்டது என்கிற மாதிரி. அதைப் படித்துவிட்டுப் பிள்ளைகள் தங்களைப் பற்றி எழுதினார்கள். மற்ற பாதிப் பேருக்கு, அந்த விஷயத்தோடு தொடர்பில்லாத ஒரு தாள்.

2019இல் முடிவு வந்தது. ஒழுங்கு நடவடிக்கைக்கு ஆளான சம்பவங்கள் 34 சதவீதம் குறைந்தன, பள்ளிக்கு வராத நாட்கள் 12 சதவீதம் குறைந்தன, தோல்விக் கிரேடுகள் 18 சதவீதம் குறைந்தன. இந்தத் தடவை இனவாரியாகப் பிரித்துப் பார்த்தபோது, சில அளவுகளில் சிறுபான்மைப் பிள்ளைகளுக்கும் ஆண் பிள்ளைகளுக்கும் பலன் சற்றுக் கூடுதலாகத் தெரிந்தது. ஆனால் பிரிவுக்குப் பிரிவு வித்தியாசம் என்று உறுதியாகச் சொல்லும் அளவுக்கு இல்லை. புதுப் பள்ளியின் முதல் வாரத்தில் மத்தியானச் சாப்பாட்டுக்கு யார் பக்கத்தில் உட்காருவது என்ற கவலை எல்லா வீட்டுப் பிள்ளைக்கும் இருந்திருக்கிறது.